புல்லும் வயிறும்

அன்புள்ள ஐயா,

அப்பாவின் அடக்க ஆராதனையில் ‘மாம்சமெல்லாம் புல்லைப்போல’ என்ற வசனத்தை வாசித்தார்கள். அன்றிலிருந்து ‘புல்’ என்ற அந்தச் சொல் மனதை விட்டுப் போகவில்லை. புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் அது ‘கோர்ட்டோஸ்’. அதையே தமிழ் பைபிளில் ஓரிடத்தில் முளை, ஓரிடத்தில் பயிர் என்று மாற்றிவிட்டார்கள். இது தவறல்லவா? பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் 8ஆம் அதிகாரத்தில் எரிந்துபோன புல் 9இல் எப்படி வந்தது?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பாவின் நினைவோடு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அலைவது எனக்குப் புரிகிறது. அந்த வசனத்தைப் பேதுரு தன் முதல் நிருபத்தில் ஏசாயா 40இலிருந்து எடுத்தார். மழைக்குப் பச்சையாகி, பாலைவனக் காற்று அடித்தால் கருகிப்போகிற மலைச்சரிவுப் புல் அது.

ஆனால் தவறு என்று எப்படிச் சொல்கிறீர்கள்? அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மொழிபெயர்த்தவரைக் குற்றம் சொல்லக் கிளம்புவதா? மாற்கு 4:28இல் அந்தச் சொல் விதைத்த தானியத்தின் இளந்தாளைக் குறிக்கிறது. தன் வயலில் முளைத்ததை எந்த விவசாயி புல் என்பான்? முளை என்றதுதான் சரி. வெளிப்படுத்தல் கேள்வியை விடுங்கள், தரிசனத்தில் புல்லுக்குக் கணக்குப் பார்க்கக் கூடாது.

எனக்கும் ஒரு சண்டை உண்டு. அது இந்தச் சொல்லிலிருந்து பிறந்த வினைச்சொல்லைப் பற்றியது: கோர்ட்டாஸோ. மாட்டுக்குப் புல் போட்டு வயிற்றை நிரப்புவது என்பது அதன் பழைய பொருள். குனிந்த தலை நிமிராமல் மாடுபோல் மேய்கிற மனிதர்களைப் பழிக்க கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலில் இதைத்தான் எடுக்கிறார். இயேசுவின் காலத்துக்குள் ஜனங்கள் வயிறாரச் சாப்பிடுவதற்கும் இதுவே சொல்லாகிவிட்டது. பணக்காரன் வாசலில் கிடந்த லாசரு துணிக்கைகளால் ஆற்றிக்கொள்ள ஆசைப்பட்ட பசிக்கு லூக்கா இதே வினையைத்தான் வைக்கிறார்.

இப்போது ஐந்து அப்பத்தால் ஐயாயிரம் பேருக்கு இயேசு உணவளிக்கிற மாற்கு 6ஐ எடுங்கள். ஜனங்கள் மேய்ப்பனில்லாத ஆடுகளாக இருக்கிறார்கள் என்று 34ஆம் வசனம். 39இல் பசும்புல்மேல், பச்சைக் கோர்ட்டோஸ்மேல், உட்கார்கிறார்கள். 42இல் அப்பம் தின்று முடித்ததும் அந்த வினை வருகிறது. ஆடு, புல், நிறைந்த வயிறு! கிரேக்கத்தில் கேட்டவர்கள் காதில் இவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே விழுந்திருக்கும். நம் பைபிளில் ‘திருப்தியடைந்தார்கள்’. மலைப்பிரசங்கத்தில் நீதிக்காகப் பசித்தவர்களுக்கும் திருப்திதான். அந்தச் சொல்லில் வயிறே இல்லையே!

சாயங்காலம் மாடு வீட்டுக்கு வந்ததும் அம்மா அதன் இடது விலாவுக்குப் பின்னால் கைவைத்துப் பார்ப்பார். அங்கே குழி விழுந்திருந்தால், “வயிறு ரொம்பலையே உனக்கு” என்று ஒரு கட்டுப் புல்லை அவிழ்த்துப் போடுவார். அப்புறம்தான் எங்களுக்குச் சோறு. தட்டைக் கழுவ எழுந்தால், “வயிறு ரொம்பிச்சா?” என்று எங்களையும் கேட்பார். மாட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சொல், ஒரே கவலை. எங்களை ஒருநாளும் அவர் திருப்தியா என்று கேட்டதில்லை.

உங்கள் அப்பா எப்படிக் கேட்பார்? அதை எழுதுங்கள்.