கோர்ஸ் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல ஆளைப் பாருங்க

கேள்வி: அண்ணே வணக்கம், வயசு 47, கிடங்குல சூப்பர்வைசரா இருந்தேன், ஆள்குறைப்புல வெளிய வந்துட்டேன். சிங்கப்பூர் அரசாங்கம் படிப்புச் செலவுக்குக் குடுக்கற ஸ்கில்ஸ்ஃப்யூச்சர் கணக்குல 4000 வெள்ளிக்கு மேல காட்டுது. டேட்டா படிங்க, சைபர் படிங்கன்னு வாட்ஸ்அப்ல மெசேஜா வருது. எதைப் படிக்கிறது?
- வாசகர், ஈசூன்

பதில்: தம்பி, எதைப் படிக்கிறதுங்கறதுக்கு முன்னாடி யாருகிட்ட பேசுறதுன்னு முடிவு பண்ணுங்க. அந்த 4000 வெள்ளி 2024 மே மாசம் 40 வயசும் அதுக்கு மேலயும் உள்ள குடிமக்களுக்குக் கொடுத்தது, அதுக்குக் காலாவதியே கிடையாது, அதனால இந்த வாரமே சேருங்கன்னு யாராவது அவசரப்படுத்துனா காதுல வாங்காதீங்க, அரசாங்கச் சேவைக்குள்ள நுழையற சிங்பாஸ் கணக்கு விவரத்தை யார் கேட்டாலும் குடுக்காதீங்க. எல்லா கோர்ஸுக்கும் அந்தக் காசு செல்லாது, வேலைக்கு உதவும்னு தேர்ந்தெடுத்த கோர்ஸுங்களுக்கு மட்டும்தான்.

அரசாங்க வேலைவாய்ப்பு அமைப்பான டபிள்யூஎஸ்ஜியோட கெரியர்ஸ் கனெக்ட் மையம் இருக்கு, இல்லன்னா ஜூரோங் ஈஸ்ட்ல தொழிற்சங்க அமைப்பான என்டியூசியோட இ-டூ-ஐ வேலைவாய்ப்பு மையம் இருக்கு, முன்பதிவு பண்ணிட்டு ஒரு கெரியர் கோச்சை, அதான் வேலை ஆலோசகரைப் பாருங்க, காசு கட்ட வேண்டியதில்ல. போறப்ப ரெஸ்யூமே மட்டும் போதாது. நம்ம ஆளுங்க "சூப்பர்வைசர், 15 வருஷம்"னு ஒரே வரியில முடிச்சிடறாங்க, அதை வெச்சு எந்த கோச்சாலயும் ஒண்ணும் பண்ண முடியாது. எத்தனை பேரை வெச்சு வேலை வாங்கினீங்க, ஷிஃப்ட் ரோஸ்டர் யார் போட்டா, ஸ்டாக் கணக்கு எந்த சாஃப்ட்வேர்ல பாத்தீங்க, ஃபோர்க்லிஃப்ட் லைசென்ஸ் இருக்கா, ஒரு லோடு தப்பா போனப்ப என்ன பண்ணீங்க, எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி எடுத்துட்டுப் போங்க. பாதி பேருக்கு புது துறையே தேவைப்படாது, தெரிஞ்ச வேலையோட அடுத்த படிதான் தேவைப்படும்.

வீட்டுச் செலவுக்கு: 2025 ஏப்ரல்லேந்து வேலை போனவங்களுக்கு 6 மாசத்துல மொத்தம் 6000 வெள்ளி வரைக்கும் கிடைக்கிற ஜாப்சீக்கர் சப்போர்ட் இருக்கு, சராசரி சம்பளம் மாசம் 5000 வெள்ளிக்குள்ள இருந்திருக்கணும், இன்னும் சில நிபந்தனையும் உண்டு, மாசாமாசம் வேலை தேடுற முயற்சியையும் காட்டணும். முழுநேரமா படிக்கிறதா இருந்தா, தகுதி உள்ள கோர்ஸுக்கு பழைய சராசரி சம்பளத்துல பாதி, மாசம் 3000 வெள்ளி வரைக்கும், 24 மாசம் வரை உதவித்தொகை உண்டு. ரெண்டையும் கோச்சுகிட்டயே கேட்டுடுங்க.

கேள்வி: அண்ணே, வயசு 41, பிள்ளைங்களுக்காக வீட்ல இருந்துட்டேன், இங்கிலீஷ் பேச கூச்சமா இருக்கு. எங்க போறது?
- வாசகி, செங்காங்

பதில்: பக்கத்துல இருக்கற சமூக மன்றத்துக்குப் போங்கம்மா. ஸ்கில்ஸ்ஃப்யூச்சர் அட்வைஸ் பட்டறை 2017லேந்து நாலு மொழியில நடத்துறாங்க, தமிழ்ல எப்ப வைப்பீங்கன்னு வாய்விட்டுக் கேளுங்க, கேட்டாத்தான் வைப்பாங்க. கூச்சப்பட ஒண்ணுமே இல்ல. வேலையிடத்து இங்கிலீஷுக்குன்னே டபிள்யூஎஸ்கியூங்கற வேலைத்திறன் சான்றிதழ் வகுப்பும் இருக்கு, அதையும் விசாரிங்க.

கேள்வி: இவ்ளோ திட்டம் இருந்தும் நம்ம ஆளுங்களுக்கு ஏன் போய்ச் சேரல? என்ன மாத்தலாம்?
- வாசகர், பூன் லே

பதில்: திட்டத்துக்குப் பஞ்சமே இல்ல. ஒரு ஆளு உக்காந்து நம்ம கதையை முழுசா கேக்கறதுக்குத்தான் பஞ்சம். 12 மணி நேரம் செக்யூரிட்டி ட்யூட்டி பாக்குறவரு வார நாள்ல ஆபீஸ் நேரத்துல எப்படிங்க போவாரு? ஞாயித்துக்கிழமை தேக்காவுல தமிழ் பேசுற ஒரு கோச் மேசை போட்டு உக்காந்தா எத்தனை பேர் வருவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு, வட்டாரத்துக்கு ஒண்ணா 5 சமூக மேம்பாட்டு மன்றங்கள் இருக்கு, ஆனா தீவு சின்னதுன்னு எல்லாப் பக்கமும் ஒரே ஆலோசனை சொன்னா சரிப்படாது. மேற்குல ரசாயன ஆலைங்க இருக்கற ஜூரோங் தீவு, 2022ல திறந்த துவாஸ் துறைமுகம், அங்க ஓட்டுநர் இல்லாம ஓடுற வண்டிங்க, கிழக்குல சாங்கி விமான நிலையமும் சரக்கும், வடக்குல உட்லண்ட்ஸ்ல சிப்புக்கான வேஃபர் ஆலைங்க, செனோக்கோ உணவுத் தொழிற்சாலைங்க. அந்தந்தப் பக்கத்து கோச்சுக்கு அந்தந்த முதலாளிங்க யாரு, இந்த வருஷம் என்ன ஆள் தேடுறாங்க, எந்தச் சான்றிதழை மதிக்கிறாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். பூன் லேல இருக்கறவருக்கு சாங்கில ராத்திரி ஷிஃப்ட் வேலையைக் காட்டினா போக வரவே பொழுது போயிடும், பிள்ளைங்க மூஞ்சியைப் பாக்கவே முடியாது.

அப்புறம் ஒரே கோச் கடைசி வரைக்கும் கூட வரணும். ஒவ்வொரு தடவையும் புது முகத்துகிட்ட வேலை போன கதையை முதல்லேந்து சொல்றது மனசை உடைச்சிடுது, நிறைய பேரு ரெண்டாவது தடவை போகாததுக்கு இதுதான் காரணம்னு நான் நம்புறேன். கோர்ஸ் முடிச்சவங்க 6 மாசம் கழிச்சு என்ன வேலையில இருக்காங்கன்னு கோர்ஸ் பேரோட பக்கத்துலயே தமிழ்லயும் போடணும், அதைப் பாத்து ஜனங்க முடிவெடுக்கட்டும்.

நீங்களும் இதை உங்க தொகுதி எம்பியோட மக்கள் சந்திப்புல சொல்லுங்க, தமிழ் கோச் வேணும்னு எழுதியே குடுங்க, பக்கத்து புளோக்குல வேலை தேடுறவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.