காற்று எந்தப் பக்கம்? டேட்டா சென்டர் ஸ்விட்ச் கேள்வி பதில்

டேட்டா சென்டரில் சர்வர்களை ஒன்றோடொன்று இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சை ராக்கில் (கருவிகளை அடுக்கும் இரும்புச் சட்டத்தில்) ஏற்றுவதும் இறக்குவதும், ராத்திரி இரண்டு மணிக்கு அது ஏன் பேசவில்லை என்று பார்ப்பதும்தான் பல வருடங்களாக என் பிழைப்பு. இங்கே கேட்டிருந்த கேள்விகளுக்கு வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன். சிஸ்கோ, அரிஸ்டா, ஜூனிபர் என்று கம்பெனிக்குக் கம்பெனி கட்டளைகள் மாறும். அதை அந்தந்தக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதல் தடவையாக 1யூ ஸ்விட்ச் ஒன்றை ராக்கில் ஏற்றப் போகிறேன். ஸ்க்ரூ முடுக்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும், சார்?

காற்றின் திசையை. மற்றதெல்லாம் அப்புறம்.

சர்வர்கள் ராக்கின் முன்பக்கம் குளிர்ந்த காற்றை இழுத்து, பின்பக்கம் சூடாகத் தள்ளும். அவற்றின் நெட்வொர்க் போர்ட்டுகளும் பின்னால்தான் இருக்கும். அதனால் ஸ்விட்சின் போர்ட் முகத்தையும் பின்பக்கம் பார்த்தே வைக்கிறோம். அப்படியானால் ஸ்விட்சுக்குள் காற்று ஃபேன் பக்கம் நுழைந்து போர்ட் பக்கம் வெளியேற வேண்டும். எதிர்த் திசை மாடலை வாங்கிவிட்டால், சர்வர்கள் துப்புகிற சூட்டையே அது குடித்துக்கொண்டிருக்கும். பவர் சப்ளைக்குள்ளும் தனி ஃபேன் உண்டு. ஃபேன் மாட்யூலும் பவர் சப்ளையும் ஒரே திசையில் ஊத வேண்டும். கைப்பிடியின் நிறத்தை வைத்துத் திசையைக் காட்டுவார்கள். ஆனால் எந்த நிறம் எந்தத் திசை என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், நிறத்தை நம்பாமல் லேபிளைப் படியுங்கள். இதைத் தொழிலுக்கு வந்த புதிதில் நான் சூடு பட்டே கற்றுக்கொண்டேன். செத்துப்போன பவர் சப்ளைக்குப் பதிலாக, அலமாரியில் கிடந்த ஒன்றை அவசரத்தில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திசை தப்பு. விடிவதற்குள் வெப்பம் ஏறி, ஸ்விட்ச் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.

அடுத்தது ஓட்டைக் கணக்கு. 1யூ உயரம் என்பது 1.75 அங்குலம், அதாவது 44.45 மில்லிமீட்டர். ஒரு யூவுக்கு மூன்று ஓட்டைகள், ஆனால் இடைவெளி சமமாக இருக்காது. உற்றுப் பார்த்தால் இரண்டு ஓட்டைகள் மட்டும் கொஞ்சம் நெருங்கி இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஒரு யூ முடிந்து அடுத்த யூ தொடங்குகிறது. அதைத் தவறவிட்டு கேஜ் நட்டை (ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டையில் செருகும் நட்டை) ஓர் ஓட்டை தள்ளி மாட்டினால், மேலேயும் கீழேயும் அரை குறையாக இடம் வீணாகும். அடுத்த கருவி உட்காராது. முன்னால் மாட்டிய யூ எண்ணும் பின்னால் மாட்டிய யூ எண்ணும் ஒன்றுதானா என்றும் பாருங்கள். ஸ்விட்ச் சாய்ந்து நிற்கிற ராக்குகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: தனி ஆளாக ஏற்றிவிடலாமா?

வேண்டாம். ஒருவர் பிடிக்க, ஒருவர் முடுக்க.

கேள்வி: எங்கள் ஸ்விட்சில் இரண்டு பவர் சப்ளை இருக்கிறது. ஆனாலும் போன வாரம் மின்சாரம் போனபோது ஸ்விட்சும் சேர்ந்து போய்விட்டது. ஏன்?

இரண்டு கேபிளையும் கையால் தடவிக்கொண்டே போய், எங்கே முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே பிடியூவில் (ராக்கின் மின்சாரப் பலகையில்) இருக்கும். இல்லையென்றால் இரண்டு பிடியூவும் ஒரே யூபிஎஸ்ஸில் போய் நிற்கும். ஏ வழி, பி வழி என்று கடைசி வரை பிரிந்து போனால்தான் இரண்டு பவர் சப்ளை வாங்கியதற்கு அர்த்தம்.

வழி பிரிந்திருந்தும் விழுந்தது என்றால் சுமைக் கணக்கைப் பாருங்கள். ஏ போனால் அதன் சுமை முழுவதும் பி மேல் விழும். இரண்டும் சாதாரண நாளிலேயே 60 சதவீதம் சுமந்துகொண்டிருந்தால், ஒன்று போனதும் இன்னொன்று 120 சதவீதம் சுமக்க நேர்ந்து, அதன் பிரேக்கரும் விழும். ஒவ்வொன்றையும் பாதிக்கு நன்றாகக் கீழே வைத்திருக்க வேண்டும். புது ஸ்விட்சைச் சேவைக்கு விடுவதற்கு முன் ஒரு கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள், திரும்பச் செருகி மற்றதையும் பிடுங்கிப் பாருங்கள். பலர் பயந்துகொண்டு இதைச் செய்வதில்லை. பயப்பட வேண்டியது பிறகுதான்.

எர்த் கம்பியை முதலில் மாட்டி, கழற்றும்போது கடைசியில் கழற்றுங்கள்.

கேள்வி: லேப்டாப்பை ஸ்விட்சோடு நேரடியாக இணைக்கும் கான்சோல் கேபிளைச் செருகினால் திரையில் குப்பை எழுத்தாக வருகிறது. கேபிள் போய்விட்டதா?

குப்பையாவது வருகிறது என்றால் கேபிள் உயிரோடுதான் இருக்கிறது. இரண்டு பக்கத்தின் வேகமும் பொருந்தவில்லை. 9600 வைத்துப் பாருங்கள், இல்லையென்றால் 115200. 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். எழுத்து சரியாக வருகிறது, ஆனால் நீங்கள் தட்டுவது மட்டும் போகவில்லை என்றால் ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: புது ஸ்விட்சில் 25ஜி (விநாடிக்கு 25 கிகாபிட்) போர்ட்டும் சர்வரும் டிஏசி கேபிளில் (இரண்டு முனையிலும் கனெக்டர் சேர்ந்தே வரும் செம்புக் கேபிளில்) இணைந்திருக்கின்றன. இரண்டு பக்கமும் கேபிளை அடையாளம் காண்கின்றன, ஆனால் லிங்க் எழவில்லை. கேபிளை மாற்றியும் பார்த்துவிட்டேன்.

எஃப்இசி. முக்கால்வாசி அதுவாகத்தான் இருக்கும். 10ஜியோடு பழகிவிட்டு 25ஜிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் இதில் முட்டிக்கொள்வார்கள். 25ஜியில் எஃப்இசி, அதாவது வழியில் நேரும் பிழைகளைத் திருத்தும் ஏற்பாடு, மூன்று விதமாக இருக்கலாம்: எதுவும் இல்லாமல், பேஸ்-ஆர், ஆர்எஸ். இரண்டு முனையிலும் ஒன்றே இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆர்எஸ், மறுபக்கம் எதுவும் இல்லை என்றால் லிங்க் எழாது. தானாகப் பேசி முடிவு செய்யும் என்று விட்டால் சில நெட்வொர்க் கார்டுகள் பேசும், சில பேசாது. இரண்டு பக்கமும் கையால் ஒரே மாதிரி அமைத்துவிடுங்கள்.

அது சரியாக இருந்தால் வேகத்தைப் பாருங்கள். சில ஸ்விட்சுகளில் நான்கு நான்கு போர்ட்டுகள் ஒரு குழு. குழு முழுக்க ஒரே வேகம். பக்கத்தில் யாராவது ஒரு பழைய 10ஜி சர்வரைச் செருகி வேகத்தை மாற்றியிருந்தால், உங்கள் போர்ட்டும் சேர்ந்து 10ஜிக்கு இறங்கியிருக்கும்.

கேள்வி: அண்ணா, தூரத்தில் இருக்கும் ஸ்விட்சில் ஒரு விலேன் (ஒரே கம்பிகளில் பிரித்து ஓடும் தனி வலையமைப்பு) சேர்க்கப் போய் மொத்த ராக்கையும் இறக்கிவிட்டேன். செய்தது ஒரே ஒரு வரிதான். எங்கே தப்பு?

தம்பி, நீங்கள் முதல் ஆள் இல்லை, கடைசி ஆளும் இல்லை. ட்ரங்க்கில், அதாவது பல விலேன்களைச் சேர்த்துச் சுமக்கும் இணைப்பில், அனுமதிக்கப்பட்ட விலேன் பட்டியலோடு ஒன்றைக் கூட்ட வேண்டுமானால், சிஸ்கோ மாதிரிக் கட்டளைகளில் நடுவே 'ஆட்' என்ற சொல் வர வேண்டும். அதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தட்டினால், பழைய பட்டியல் போய் அந்த ஓர் எண் மட்டும் மிஞ்சும். நிர்வாகத்துக்கான விலேனும் அதே ட்ரங்க்கில் வந்துகொண்டிருந்தால், நீங்கள் ஏறி நின்ற கிளையையே வெட்டியாயிற்று.

தட்டுப்பிழை எல்லோருக்கும் வரும். திரும்பி வர வழி வைக்காமல் இறங்கியதுதான் இதில் தப்பு. ஜூனிபரில் உறுதி கேட்கும் கமிட் (மாற்றத்தை அமலாக்கும் கட்டளை) உண்டு. நீங்கள் எதுவும் சொல்லவில்லை என்றால் 10 நிமிடத்தில் பழைய நிலைக்குத் தானாகத் திரும்பிவிடும். அது இல்லாத இடத்தில், முதலில் கான்ஃபிக்கை (ஸ்விட்சின் அமைப்புகளை) சேமித்துக்கொண்டு, 10 நிமிடம் கழித்து ரீலோட் (மறுதொடக்கம்) ஆகும்படி வைத்துவிட்டு மாற்றத்தைச் செய்யுங்கள். எல்லாம் சரியென்றால் அந்த ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமியுங்கள். வரிசை முக்கியம்: தப்பான மாற்றத்தைச் சேமித்துவிட்டு ரீலோட் செய்தால், அந்தத் தப்போடுதான் அது எழுந்து வரும். ஓடிக்கொண்டிருக்கும் கான்ஃபிக் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருக்கிறது என்பதை இந்த ஒரு விஷயத்தில் உங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம்.

இதற்கெல்லாம் மேலே, மேனேஜ்மென்ட் போர்ட்டைத் தனி வலையமைப்பில் வையுங்கள். சிலர் அந்தப் போர்ட்டையும் அதே ராக்கின் இன்னொரு ஸ்விட்சில் செருகி வைத்திருக்கிறார்கள். அந்த ஸ்விட்சும் விழுந்தால் எந்த வழியாக உள்ளே போவார்கள்?

கேள்வி: ஒரு போர்ட்டில் சிஆர்சி பிழைகள் (வழியில் கெட்டு வந்த தரவின் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே இருக்கின்றன. ஃபைபர், டிரான்ஸீவர் (மின்சாரத்தை ஒளியாகவும் ஒளியை மின்சாரமாகவும் மாற்றும் சிறு மாட்யூல்) எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். போர்ட்டே போய்விட்டதா?

ஸ்விட்சை ஆர்எம்ஏவுக்கு (கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ள) அனுப்புவதற்கு முன் ஒரு நிமிடம். குற்றவாளி இந்தக் கேபிளில் இல்லாமலே இருக்கலாம்.

டேட்டா சென்டர் ஸ்விட்சுகள் பல கட்-த்ரூ முறையில் வேலை செய்பவை. ஃப்ரேம் (ஒரு தரவுப் பொட்டலம்) முழுதும் வந்து சேரும்வரை காத்திருக்காமல், தலைப்பைப் படித்த உடனே அடுத்த போர்ட்டில் அனுப்பத் தொடங்கிவிடும். ஃப்ரேம் கெட்டுப்போயிருக்கிறது என்பதைச் சொல்லும் 4 பைட்டுகளோ கடைசியில்தான் வருகின்றன. அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்போது பாதி ஃப்ரேமுக்கு மேல் வெளியே போயிருக்கும். திரும்பப் பிடிக்க முடியாது. ஆகவே வேறு எங்கோ ஓர் அழுக்கு ஃபைபரில் கெட்ட ஃப்ரேம், வழியில் இருக்கும் ஸ்விட்சுகள் வழியாக ஒவ்வொரு கவுன்ட்டரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் போர்ட் வரை வந்து சேரும். சில ஸ்விட்சுகள் இதற்கென்றே தனி கவுன்ட்டர் வைத்திருக்கின்றன. இங்கே கெட்டது எவ்வளவு, கெட்டே வந்தது எவ்வளவு என்று அதில் பிரித்துப் பார்க்கலாம்.

அதனால் பின்னோக்கி நடங்கள். எதிர்முனை ஸ்விட்சில் வேறு ஏதாவது ஒரு போர்ட்டில் உள்வரும் சிஆர்சி இதே வேகத்தில் ஏறுகிறதா? ஏறினால் அதன் எதிர்முனைக்குப் போங்கள். உள்ளே வரும் எதிலும் பிழை இல்லாமல், வெளியே போவதில் மட்டும் பிழை பிறக்கிற இடம் ஒன்று வரும். அந்தக் கேபிள்தான் உங்கள் ஆள். ஒரு விதிவிலக்கு: 10ஜியில் வந்து 100ஜியில் வெளியேறும் ஃப்ரேமை முழுதாக வாங்கி வைத்துத்தான் அனுப்ப முடியும் என்பதால், கெட்டது அங்கேயே தடைபட்டுவிடும்.

கண்டுபிடித்த பிறகும் உடனே மாற்றாதீர்கள். முதலில் ஃபைபர் முனையைத் துடையுங்கள். ஒளி அளவைப் பாருங்கள்: 3 டிபி குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று அர்த்தம். 10ஜி எல்ஆர் (நெடுந்தூர டிரான்ஸீவர் வகை) என்றால் வந்து சேரும் ஒளி மைனஸ் 14.4 டிபிஎம்முக்குக் கீழே போகக் கூடாது. அப்புறம், துடைக்கும்போது ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கண்ணை மட்டும் கெடுக்கும்.

கேள்வி: டிராஃபிக் கிராஃபில் 10ஜி போர்ட் எப்போதும் கொஞ்சமாகவே காட்டுகிறது. ஆனால் பயன்படுத்துகிறவர்கள் மெதுவாக இருக்கிறது என்கிறார்கள்.

32 பிட் கவுன்ட்டரைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். முழு வேகத்தில் அது சுமார் 3.4 விநாடியில் நிரம்பி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். நீங்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை படித்தால் வருவது வெறும் சீட்டுக் குலுக்கல். 64 பிட் கவுன்ட்டருக்கு மாற்றுங்கள். கையோடு எஸ்என்எம்பியை (இந்தக் கவுன்ட்டர்களைப் படிக்கும் நெறிமுறையை) வெர்ஷன் 3க்கும் மாற்றிவிடலாம். பழையதில் கடவுச்சொல் மாதிரியான அந்தக் கம்யூனிட்டி பெயர் அப்படியே திறந்த எழுத்தில் போகிறது.

கேள்வி: இரண்டு ஸ்விட்ச் ஜோடியாக ஓடுகின்றன. சேவை நிற்காமல் மென்பொருளை மேம்படுத்த முடியுமா?

ஒவ்வொன்றாகச் செய்தால் முடியும். ஆனால் காகிதத்தில் இரட்டை இணைப்பு என்றிருக்கும் சர்வர்கள் எல்லாம் உண்மையில் இரட்டையா என்று முதலில் பாருங்கள். ஆறு மாதமாக ஒரு காலில் நிற்கும் சர்வர் ஒன்று எப்படியும் இருக்கும். அதை ரீலோட் ஆன பிறகு கண்டுபிடிக்காதீர்கள். கோப்பை ஏற்றியதும் செக்சம் (கோப்பு கெடாமல் வந்ததா என்று காட்டும் எண்) சரிபாருங்கள், பழைய கோப்பை அழிக்காதீர்கள். இன்றைய வெர்ஷனிலிருந்து நேராகத் தாவ முடியுமா, நடுவில் ஒரு படி வேண்டுமா என்பது ரிலீஸ் நோட்ஸில் இருக்கும். முதல் ஸ்விட்ச் எழுந்தவுடன் அடுத்ததைத் தொடாதீர்கள். எல்லா லிங்க்கும் வந்து, போக்குவரத்து அதன் வழியாக ஓடுவதைப் பார்த்த பிறகு தொடுங்கள்.

கேள்வி: செத்துப்போன ஸ்விட்சுக்குப் பதில் புதியது வந்துவிட்டது. மாற்றும்போது எதை மறந்துவிடுவேன்?

கேபிள்களை. ஒன்றைக்கூடப் பிடுங்குவதற்கு முன் இரண்டு முனையிலும் லேபிள் இருக்கிறதா என்று பார்த்து, ஃபோட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதில் பழையதன் அதே மென்பொருள் வெர்ஷனை மேசை மேல் வைத்தே ஏற்றி, கான்ஃபிக்கையும் போட்டுவிடுங்கள். சீரியல் எண்ணையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ராக்கில் ஏறிய பிறகு டார்ச் அடித்துக் குனிந்து படிக்க வேண்டியிருக்கும்.

பழையதைத் திருப்பி அனுப்புவதற்கு முன் அதிலுள்ள கான்ஃபிக்கை அழித்துவிடுங்கள். ஸ்விட்ச் எழவே இல்லை, அழிக்க வழியில்லை என்றால், அதில் இருந்த கடவுச்சொற்கள் எல்லாவற்றையும் மற்ற ஸ்விட்சுகளில் மாற்றிவிட்டு அப்புறம் பெட்டியை ஒட்டுங்கள்.