4294967297: ஃபெர்மா பிசகிய எண் (கேள்வி பதில்)

மொரீசியஸ் தமிழ் மாணவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகளுக்குக் கணித ஆசிரியர் ஒருவர் பதில் தருகிறார்.

ரோஸ்ஹில் மாணவி: ஐயா, இந்த எண்ணுக்கு என்ன அப்படிச் சிறப்பு?

2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் இது வரும். 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுக்கு முறையே 3, 5, 17, 257, 65537 வருகின்றன. ஐந்தும் பகா எண்கள். வரிசை முழுவதுமே இப்படித்தான் போகும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணிதவியலாளர் ஆய்லர் அடுத்த எண்ணையே பிளந்து காட்டினார்: 641 × 6700417.

கூர்ப்பிப் மாணவர்: 641 எப்படி அகப்பட்டது?

இந்த எண்ணின் பகாக் காரணி எதுவானாலும், அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரும். ஆய்லர் நிறுவிய உண்மை இது. அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. ஐந்தாவதிலேயே பிடிபட்டுவிடுகிறது!

திரியோலே மாணவர்: கால்குலேட்டர் இல்லாமல் சரிபார்க்க முடியுமா?

முடியும் தம்பி. எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான், பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்:

641 = 5 × 2⁷ + 1
641 = 5⁴ + 2⁴

முதல் வரியின்படி, 5 × 2⁷ என்பது 641-க்கு ஒன்று குறைவு; ஆகவே அதை 641-ஆல் வகுத்தால் மீதி −1 என்று கொள்ளலாம். இரு பக்கமும் நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாம் வரியின்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ என்று போடலாம். ஆக, −2³²-இன் மீதி 1. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபடும். பத்து இலக்க எண்ணை ஒருமுறைகூட எழுதவில்லை, பார்த்தீர்களா? ஹெச்எஸ்சி மாணவர் எவரும் இதைக் கற்றுக்கொள்ளாமல் போகக் கூடாது என்பது என் ஆசை.

போர்ட் லூயிஸ் வாசகர்: நம் ரூபாய் நோட்டில் உள்ள தமிழ் எண்களில் எழுதினால்?

௪௨௯௪௯௬௭௨௯௭. வாசிக்கும்போது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

ஒரு மாணவரின் தந்தை: 6700417 மேலும் பிளக்காது என்பதற்கு என்ன உறுதி?

அதன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுவரை பார்த்தால் போதும். நம் எண்ணின் பகாக் காரணியை 128-ஆல் வகுத்தாலும் மீதி 1-தான் என்று லூக்கா என்ற கணிதவியலாளர் பின்னர் நிபந்தனையை இறுக்கினார். அந்த எல்லைக்குள் தேறுபவை 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. 6700417-ஐ இவற்றால் வகுத்தால் மீதி 170, 44, 120, 334, 622. ஒன்றும் பூச்சியமில்லை. அது பகா எண்ணேதான்.

ரோஸ்ஹில் மாணவி: இந்த எண்ணுக்கு வடிவியலோடு தொடர்பு உண்டாமே?

உண்டு அம்மா. ஃபெர்மாவின் ஐந்து பகா எண்களையும் பெருக்கினால் 4294967295, நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. அத்தனை பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் கொண்டு வரைய முடியும் என்பது காஸின் தேற்றத்திலிருந்து கிடைக்கிறது. 4294967297 பக்கங்களுக்கு முடியாது.

கூர்ப்பிப் மாணவர்: வரிசையில் அடுத்த எண்?

2⁶⁴ + 1. அதையும் 1880-இல் லாந்த்ரி பிளந்தார். சிறிய காரணி 274177. ஆறாவது ஃபெர்மா பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.