கோணத்தைக் கருவி பார்த்துக்கொள்ளும், பிசிறை நீங்கள்தான் பார்க்க வேண்டும்

கேள்வி: வீட்டில் எட்டு அங்குல செஃப் கத்தி ஒன்று, சின்னக் காய்கறிக் கத்தி இரண்டு, ஓர் அரிவாள்மணை இருக்கின்றன. எல்லாம் சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இழுத்துத் தீட்டும் சின்னக் கருவியில் தீட்டினால் இரண்டு நாளில் மொண்ணையாகிவிடுகிறது. கிளாம்ப், கம்பி, கல் எல்லாம் சேர்ந்து வரும் கிட் வாங்கலாமா? எத்தனை டிகிரி வைப்பது?

தாராளமாக வாங்கலாம். கத்தியைக் கிளாம்ப் பிடித்துக்கொள்ளும், கல் மாட்டிய கம்பி ஒரு துளைக்குள் நுழைந்து ஓடுவதால் கல் ஒரே கோணத்தில் தேய்க்கும். அரிவாள்மணையை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அந்த வளைந்த அலகு கிளாம்பில் உட்காராது. அதற்குச் சாணைக்காரரோ, கையில் பிடித்துத் தேய்க்கும் கல்லோதான் சரி. பல் வைத்த ரொட்டிக் கத்திக்கும் இந்த கிட் உதவாது.

இப்போது உங்களிடம் இருக்கும் கருவியில் இரண்டு கார்பைடு தகடுகள் இரும்பைச் சுரண்டி எடுக்கின்றன. விளிம்பு பிய்ந்து பிய்ந்து நிற்கும். அந்தப் பிய்ச்சல்தான் முதல் நாள் தக்காளித் தோலைக் கவ்வுகிறது, அப்புறம் மடங்கிப் படுத்துவிடுகிறது.

கடையில் கிடைப்பவற்றில் லான்ஸ்கி பழைய, எளிய வகை. கிளாம்பிலேயே 17, 20, 25, 30 டிகிரிக்குத் துளைகள் இருக்கும். பாக்கெட் கத்திக்கு அருமையானது. எட்டு அங்குலக் கத்திக்கு கிளாம்பை இடம் மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். வொர்க் ஷார்ப்பின் பிரிசிஷன் அட்ஜஸ்டில் 15 முதல் 30 டிகிரி வரை திருகிக்கொள்ளலாம். ரூயிக்ஸின் என்ற பெயரிலும் அதன் நகல்களாகவும் வரும் மலிவான சீன கிட்களும் உண்டு. மூன்று கத்திக்கு மலிவானதே போதும் என்பது என் கட்சி. ஆனால் கைக்கு வந்ததும் கம்பி நுழையும் இணைப்பை ஆட்டிப் பாருங்கள். அது லொடலொட என்று ஆடினால் உடனே திருப்பி அனுப்புங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் கோணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மிச்சமாகும் பணத்தில் 400, 1000 கிரிட்டில் (கிரிட் எண் கூடக் கூடக் கல் நைசாக இருக்கும்) கல்லுக்குப் பதிலாக இரண்டு டைமண்ட் தகடுகள் வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டோடு வரும் மெல்லிய கற்கள் சீக்கிரம் நடுவில் குழிந்துவிடும். கண்ணாடிபோல் மினுக்க வைக்கும் 8000, 10000 கிரிட் கல் சமையலறைக்கு வேண்டாத ஆடம்பரம். தக்காளிக்கும் குடமிளகாய்க்கும் விளிம்பில் கொஞ்சம் சொரசொரப்பு இருப்பதுதான் நல்லது.

கோணத்துக்கு வருவோம். பூசணி, சேனை எல்லாம் வெட்டும் சாதாரண ஸ்டீல் கத்திக்கு ஒவ்வொரு பக்கத்துக்கும் 18 முதல் 20 டிகிரி வையுங்கள். 15 வைத்தால் வெண்ணெய்போல் இறங்கும், ஆனால் மென்மையான இரும்பில் அந்தக் கூர் நிற்காது. விளம்பரத்தில் 40 டிகிரி என்று போட்டிருந்தால் பயப்படாதீர்கள், அது இரண்டு பக்கமும் கூட்டிய கணக்காக இருக்கும்.

கருவியில் அச்சடித்த எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். அலகு கிளாம்புக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறதோ அதைப் பொறுத்துக் கோணம் மாறும். நீட்டம் கூடினால் கோணம் குறையும். அதனால் விளிம்பின் சரிவில் பெர்மனென்ட் மார்க்கரால் மை தீட்டி, கல்லை இரண்டு முறை லேசாக ஓட்டிப் பாருங்கள். மை மேல்பக்கம் மட்டும் அழிந்தால் கோணம் குறைவு, கூரின் ஓரத்தில் மட்டும் அழிந்தால் அதிகம். முழுதும் அழிந்தால் சரியான இடம். நுனிப் பக்கம் போகப்போகச் சரிவு அகலமாகிறதா? கிளாம்பை நுனியை நோக்கி ஒரு விரலளவு நகர்த்துங்கள். இடம் சரியானதும் கத்தியின் முதுகில் அந்த இடத்தை அளந்து குறித்துவைத்தால் அடுத்த முறை வேலை பாதியாகும். செஃப் கத்தியின் பக்கங்கள் முதுகிலிருந்து கூர் வரை ஒடுங்கிக்கொண்டே வருவதால் கிளாம்பில் சாய்ந்து வழுக்கும். பிடிக்கும் இடத்தில் இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் நிற்கும், கீறலும் விழாது.

இனிதான் முக்கியமான விஷயம். 400 கல்லால் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்துக்கொண்டே இருங்கள். சற்று நேரத்தில் மறுபக்கத்து விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு, அதாவது மடங்கி நிற்கும் மெல்லிய இரும்பு ஓரம், எழும். பெருவிரலை முதுகிலிருந்து கூரை நோக்கி, விளிம்பைத் தாண்டி வெளியே வருகிற மாதிரி மெதுவாக ஓட்டினால் நகத்தில் மாட்டும் (விளிம்பின் நீளவாக்கில் மட்டும் விரலை ஓட்டிவிடாதீர்கள்). பிடியோரத்திலிருந்து நுனி வரை இடைவெளி இல்லாமல் அது வரும்வரை பக்கம் மாற்றக் கூடாது. பத்துப் பத்து இழுப்பாக எண்ணிப் பக்கம் மாற்றுகிறவர்கள் பாதிக் கத்தியைத் தீட்டாமலேயே அடுத்த கல்லுக்குப் போய்விடுகிறார்கள். பிசிறு வந்தபின் அடுத்த பக்கம், அங்கும் அதே சோதனை. அப்புறம் 1000. கல் மாற்றும்போது தடிப்பைக் கவனியுங்கள். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் கோணத்தை மாற்றிவிடும், மார்க்கர் காட்டிக்கொடுக்கும்.

டைமண்ட் தகட்டை அழுத்தித் தேய்க்காதீர்கள், துகள் உதிரும். கல்லின் கனமே போதும். விரல் எப்போதும் கல்லுக்குப் பின்னால் இருக்கட்டும். முதல் சில தடவை வெட்டுப்படாத கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

கடைசியில் பிசிறை எடுக்க வேண்டும். இதை விட்டால் திரும்ப அதே இரண்டு நாள் கதைதான். தீட்டியதும் பிரமாதமாக வெட்டியது அந்தப் பிசிறாகவே இருந்திருக்கும். 1000 கல்லில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி, வரவர லேசாக ஓட்டுங்கள். பிறகு கிளாம்பிலிருந்து எடுத்துப் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில், கூர் பின்னால் வரும்படி சில முறை இழுங்கள். இரும்புத்தூள் ஒட்டியிருக்கும், கழுவித் துடையுங்கள். செய்தித்தாளின் ஓரத்தில் வைத்து இழுத்தால் எங்கும் தட்டாமல் இறங்க வேண்டும். தட்டுகிற இடத்தில் மட்டும் பிசிறு மிச்சம், அங்கே இன்னும் இரண்டு லேசான இழுப்பு.

கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து நறுக்குகிற வழக்கம் இருந்தால், கிட் வாங்கும் முன் ஒரு மரப்பலகை வாங்கிவிடுங்கள். பலகையில் நறுக்கும் வீட்டில் தினமும் தீட்ட வேண்டாம். வாரம் ஒருமுறை பெல்ட்டில் இழுப்பதும், வெங்காயத் தோலில் கத்தி வழுக்கத் தொடங்கும்போது 1000 கல்லுமே போதும். கத்தியின் விளிம்பில் பள்ளம் விழுந்தால்தான் 400 வெளியே வர வேண்டும்.