சதவீதம் குறையுமென்று ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: அமெரிக்க ராணுவத்தில் 8 வருடம் வண்டி மெக்கானிக்காக இருந்தேன். வலது மணிக்கட்டில் கார்ப்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நெரிபடும் கோளாறு) என்று வி.ஏ. (முன்னாள் படைவீரர்களுக்கு உதவித்தொகை தரும் அமெரிக்க அரசுத் துறை) 10 சதவீதம் ஊனம் கொடுத்திருக்கிறது. ஆபரேஷன் செய்துகொண்டால் அதைக் குறைத்துவிடுவார்களா? கை மரத்துப்போகிறது, கழுத்தில் சொடக்கு விழுகிறது. பக்கவாதம் வருமென்று நெட்டில் படித்தேன். இப்போதைக்கு வைட்டமின் பி6 மாத்திரை போடுகிறேன்.

பதில்: இது பக்கவாதமாக மாறாது. கழுத்துச் சொடக்கையும் மறந்துவிடுங்கள். முதலில் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் சதை மேட்டை இரண்டு கையிலும் ஒப்பிட்டுப் பாருங்கள். வலது பக்கம் தட்டையாகிவிட்டதா? காபி டம்ளர் நழுவுகிறதா? சட்டைப் பொத்தான் போடத் தடுமாறுகிறீர்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் இந்த வாரமே கை சர்ஜனைப் பாருங்கள். இரவில் மட்டும் மரத்து, உதறினால் சரியாகிறது என்றால் அவகாசம் இருக்கிறது. பகலிலும் மரப்பு விடாமல் நின்று, சதை வற்றத் தொடங்கினால் நரம்பு இழைகளே செத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கப்புறம் ஆபரேஷன் செய்தாலும், போன சதை முழுசாகத் திரும்புமென்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

இப்போது உங்கள் சதவீதம். எழுதும் கையில் மீடியன் நரம்பு (மணிக்கட்டில் நெரிபடுவது இதுதான்) லேசாகப் பாதித்தால் 10, நடுத்தரமானால் 30, கடுமையானால் 50, முழுதாகச் செயலிழந்தால் 70. வெறும் மரப்பு என்றால் நடுத்தரத்தைத் தாண்டாது. ஆக, 50 வாங்க வேண்டுமானால் கையின் பலம் போக வேண்டும். அதற்காகவா காத்திருக்கிறீர்கள்?

ஆபரேஷனுக்குப் பின் ஒரு மாதமாவது ஓய்வு தேவை என்று சர்ஜன் எழுதித் தந்தால், அந்தக் காலத்துக்குத் தற்காலிகமாக 100 சதவீதம் கேட்கலாம். கை நன்றாகத் தேறினால் பிற்பாடு குறைக்க வாய்ப்பு உண்டு, மறைக்கவில்லை. ஆனால் உங்கள் பணம் குறைவதாக இருந்தால் முன்கூட்டியே கடிதம் வரும், ஆதாரம் அனுப்ப 60 நாள் கிடைக்கும். வி.ஏ. பரிசோதனைக்குப் போனால் பட்டாளத்து வீறாப்பில் 'பரவாயில்லை' என்று சொல்லிவிட்டு வராதீர்கள். ஸ்பேனர் கையிலிருந்து நழுவுகிறது என்றால் அதை அப்படியே சொல்லுங்கள்.

பி6-ஐ யார் எழுதிக் கொடுத்தார்கள்? அதிக அளவில் மாதக்கணக்காகப் போட்டால் அதுவே நரம்பைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும். இன்றே நிறுத்துங்கள். டாக்டரிடம் எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்று சொல்லிவிட்டு, நரம்பில் மின்துடிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் பரிசோதனைக்குத் தேதி வாங்குங்கள். அதுவரை இரவில் மணிக்கட்டை மடங்கவிடாத பட்டை கட்டிக்கொண்டு படுங்கள்.