சென்னிமலை போர்வைக் கடை தளம்: லிங்க் உங்கள் கணினியில் மட்டும் வேலை செய்வது ஏன்?

வணக்கமுங்க. ட்ரீம்வீவர் என்ற இணையப் பக்கம் செய்யும் மென்பொருளில் செய்த பக்கம் உங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறது, சர்வரில் ஏற்றியதும் போர்வைப் படங்களும் காணோம், விலைப்பட்டியல் லிங்க்கும் 404 (பக்கம் கிடைக்கவில்லை) என்று காட்டுகிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் ஒட்டிய நிரலிலேயே விடை இருக்கிறது. பட முகவரி 'ஃபைல்' என்று தொடங்கி, மூன்று சாய்கோடு, அப்புறம் உங்கள் டி டிரைவ். அந்த டிரைவ் உங்கள் மேசையில் இருக்குதுங்க, பெருந்துறையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு எப்படிக் கிடைக்கும்? பக்கத்தை சேவ் செய்யாமலோ, ட்ரீம்வீவரில் சைட் என்று ஒன்றை (எந்த ஃபோல்டர் உங்கள் தளத்துடையது என்ற குறிப்பை) அமைக்காமலோ படத்தைச் செருகினால் இப்படித்தான் ஆகும். சைட் மெனுவில் நியூ சைட் போய், கடைக் கோப்புகள் உள்ள ஃபோல்டரைக் காட்டுங்கள், படங்களையும் அதற்குள்ளேயே போட்டு, பக்கத்தை சேவ் செய்துவிட்டு மறுபடி செருகுங்கள்.

விலைப்பட்டியல் கதை வேறு. கோப்பின் பெயர் பெரிய எழுத்தில் தொடங்குகிறது, லிங்கில் சின்ன எழுத்து. விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது, ஆனால் லினக்ஸ் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு கோப்பு. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி தளத்துக்கு இதே தப்பைச் செய்துவிட்டு ராத்திரி முழுக்க சர்வரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல் வையுங்கள். பெயர் மாற்றுவதை ட்ரீம்வீவரின் ஃபைல்ஸ் பேனலுக்குள்ளேயே (கோப்புகளைப் பட்டியலிடும் இடம்) செய்யுங்கள், அங்கே மாற்றினால்தான் லிங்க்குகளையும் சேர்த்து மாற்றட்டுமா என்று கேட்கும். சர்வரில் கிடக்கும் பழைய கோப்பை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள்.