கேளுங்க, சொல்றோம்: குட்டிப் பிள்ளைகளும் கதைப் புத்தகமும்

நாங்க ரெண்டு பேருமே பனியன் கம்பெனிக்குப் போகிறோம். மூணு வயசுப் பையனுக்குக் கதை படிக்க உட்கார்ந்தால் ரெண்டாம் பக்கத்திலேயே ஓடிவிடுகிறான். புத்தகத்தையும் கிழிக்கிறான். என்ன செய்வதுங்க? – ஒரு வாசகி, திருப்பூர்

ஓடட்டும். அந்த வயதில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாலே அதிகம். ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வருகிறவர்கள் தினம் அரை மணி நேரம் என்று திட்டம் போட்டால் ஒரு வாரம் தாங்காது. சாப்பிட்ட பிறகு, படுக்கும் முன் ஒரே ஒரு புத்தகம் போதும்.

மடியில் உட்கார வைத்து, புத்தகத்தை அவன் கையிலேயே கொடுங்கள். எல்லா வரியையும் படித்தாக வேண்டியதில்லை. படத்தைக் காட்டி, "ஆடு எங்க போகுது?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை வாயைத் திறக்காதீர்கள். நாம் இரண்டு எண்ணுவதற்குள் பதிலைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளைக்கு அங்கே வேலையில்லாமல் போகிறது. அவன் "ஆடு" என்றால், "ஆமா சாமி, கறுப்பு ஆடு, தழை திங்கப் போகுது" என்று நாலு சொல் கூட்டிச் சொல்லுங்கள். "இது என்ன எழுத்து?" என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரே புத்தகத்தை மறுபடி மறுபடி கேட்டால் அதையே படியுங்கள். அடுத்து வருவது தனக்குத் தெரியும் என்பதில்தான் அவனுக்குச் சந்தோஷம்.

கிழிப்பது பெரும்பாலும் குறும்பு இல்லை. மூலையைத் தூக்கத் தெரியாமல் தாளை நடுவில் பிடித்து இழுக்கிறான். கெட்டி அட்டைப் புத்தகம் கொடுங்கள். மெல்லிய தாள் என்றால் மூலையை நீங்கள் சற்றுத் தூக்கிவிடுங்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த புத்தகத்தில் நடுத்தாள்தான் முதலில் கழன்றுவரும். பின்னைப் பிடுங்கிவிட்டு மடிப்பில் மூன்று துளை போடுங்கள்: நடுவில் ஒன்று, மேலும் கீழும் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளி ஒவ்வொன்று. தையல் நூலை இரட்டையாக்கி, உள்ளிருந்து நடுத்துளை வழியே வெளியே இழுத்து, மேல்துளையில் உள்ளே விட்டு, நடுத்துளையைத் தாண்டிக் கீழ்த்துளையில் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளையில் உள்ளே கொண்டுவந்து முடிச்சுப் போடுங்கள். உள்ளே ஓடும் நீள நூல் முடிச்சுக்குள் சிக்க வேண்டும், இல்லாவிட்டால் தளர்ந்துவிடும். உங்கள் ஊரில் நூலுக்கா பஞ்சம்!

புத்தகத்தில் 'சென்றது', 'கூறியது' என்று இருக்கிறது. நம்ம பேச்சில் மாற்றிச் சொல்லலாமா? – ஒரு வாசகர், கோபிசெட்டிபாளையம்

முதல் தடவை தாராளமாக மாற்றுங்கள்: 'போச்சு', 'சொல்லுச்சு'. கதை பிடிபட்டால்தான் இன்னொரு தரம் கேட்க ஆசை வரும். மூன்றாம் தடவையிலிருந்து அச்சில் உள்ளபடியே படியுங்கள். எப்போதும் மாற்றியே சொன்னால், ஒன்றாம் வகுப்பில் பிள்ளை எழுத்துக்கூட்டி 'சென்றது' என்று சரியாகப் படித்துவிட்டு, பொருள் தெரியாமல் விழிக்கும். அந்தத் தமிழ் முன்பே காதில் விழுந்திருந்தால் பாதிச் சுமை குறையும்.

அம்மாயிதான் (என் அம்மா) பகலெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்குப் படிக்கத் தெரியாது. – ஒரு வாசகி, காங்கயம்

படம் பார்த்துச் சொல்லட்டும். உடுக்கடிப் பாட்டில் பொன்னர்–சங்கர் என்ற அண்ணன்மார் கதையை விடிய விடியக் கேட்ட தலைமுறைக்குக் கதை கட்டச் சொல்லித்தர வேண்டுமா? எழுத்தே இல்லாத படப் புத்தகங்களும் கிடைக்கின்றன. மாலையில் வந்து, "அப்படி இல்லைங்கம்மா, இதில் வேற மாதிரி போட்டிருக்கு" என்று மட்டும் திருத்திவிடாதீர்கள்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு எந்தப் புத்தகம் வாங்குவது? – ஒரு வாசகர், பெருந்துறை

அரசுப் பள்ளி என்றால் முதலில் அங்கேயே கேளுங்கள். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரிக்கப்பட்டவை. வகுப்பைப் பார்க்காமல், அவளுக்கு எளிதாக வரும் படியிலிருந்து தொடங்குங்கள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவுக்குப் போனால் பணத்தை அவள் கையில் கொடுத்து அவளையே எடுக்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி, ஐந்து இடத்துக்கு மேல் தடுக்கினால் அது நீங்கள் வாசித்துக் காட்ட வேண்டிய புத்தகம். தடுக்காவிட்டால் அவளே படிக்க. இரண்டு வகையும் வாங்கலாம். கடி ஜோக்கு புத்தகத்தை எடுத்தாலும் முகம் சுளிக்காதீர்கள்.